ஸ்டாப்பர் பேக்

14 ஜூலை 2024, ஞாயிறு

தூறல். ஃபுட்பால் ஆடப் பாதிப் பையன்கள் வரவில்லை. அண்ணன் வந்துவிட்டார். பெயரை எழுதக்கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன், அதனால் இங்கே வெறும் அண்ணன்தான். வயது 61. தொண்ணூறுகளில் மெட்ராஸ் லீக்கில் ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கு ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆட்டக்காரர். குரோம்பேட்டைப் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்களிடம் அவர் தலையால் முட்டித் தள்ளிய பந்துகளைப் பற்றிக் கேட்டால், கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

அவர் முட்டிக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றுவதை இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குறுக்காக எட்டுப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் விரலை நுழைத்து இறுக்கம் பார்க்கிறார். கொக்கி எப்போதோ தொலைந்துபோனது. இப்போது அண்ணியின் புடவை ஊக்கு. குனிந்து லேஸ் கட்ட வராது. காலைக் குட்டிச்சுவரில் தூக்கி வைத்தால் ஏதாவதொரு பொடியன் ஓடிவந்து கட்டிவிடுவான். அவன் கட்டி முடிக்கும்வரை அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

15 ஜூலை, திங்கள்

தென் அமெரிக்க நாடுகளின் ஃபுட்பால் போட்டியான கோபா அமெரிக்காவின் இறுதி ஆட்டம். டிவியில் இல்லை, ஒரு பையன் அனுப்பிய லிங்க்கில் போனில் பார்த்தோம். மியாமி ஸ்டேடியத்தின் வாசலில் தள்ளுமுள்ளு, ஆட்டமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டியதாயிற்று.

66-ஆம் நிமிடத்தில் மெஸ்ஸி வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். கேமரா அந்த வீங்கிய கணுக்காலைக் காட்டியதும் அண்ணன் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆட்டத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. கோல் விழுந்ததும் நான்தான் கத்தினேன். டி மரியாவுக்கு இதுதான் அர்ஜென்டினா சட்டையில் கடைசி ஆட்டம்.

“இவங்களுக்காவது கடைசி மேட்ச் எதுன்னு தெரியுது. எனக்குத் தெரியாதுப்பா. அடுத்த வாரம் லிஸ்ட்டுல பேரு இல்ல, அவ்ளோதான்” என்றார். அது 1998.

17 ஜூலை, புதன்

ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை என்றால் ஊரே பொறாமைப்படும். அதன் மறுபக்கத்தை அண்ணன் சொன்னார். ஆடுகிற காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதி மேலே போனார்கள். கால் போன பிறகு, 35 வயதில், முதன்முதலாகத் தனக்கென்று ஒரு மேஜை. ஃபைலில் என்ன எழுத வேண்டும் என்று 23 வயதுப் பையனிடம் கேட்க வேண்டியிருந்ததாம்.

“அவன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தான். அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.”

18 ஜூலை, வியாழன்

மாலை ரயில் பல்லாவரத்தில் நின்றது. 2006-ல் இதே தேதியில், இதே பல்லாவரத்தில்தான் இந்திய ஃபுட்பால் அணியின் முன்னாள் கேப்டன் வி.பி. சத்யன் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 41.

கண்ணூர்க்காரர். 1990, 91 இரண்டு வருஷமும் கிளப் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளா போலீஸ் அணியின் தூண். 1992-ல் நம் கோவையில் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியைக் கேரளா வாங்கியபோது கேப்டன். நான் நேரில் பார்த்தது 1995 டிசம்பரில், சென்னை நேரு ஸ்டேடியத்தில், தெற்காசிய நாடுகளின் சாஃப் கேம்ஸ் ஃபுட்பால் இறுதி ஆட்டம். பங்களாதேஷுக்கு எதிராக நம்ம சாபிர் பாஷா கோல் போட்டார், 1-0, தங்கம். காலரியே பாஷாவைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் பின்னால் நின்ற கேப்டன் சத்யனைக் காட்டி, “அந்தாளு இருக்கிறவரைக்கும் இவனுங்க கோல் அடிக்க முடியாது” என்றார். பெரிய உயரம் கிடையாது. ஆனால் எம்பினால் பந்து அவருடையது.

அதன்பின் இந்தியன் வங்கிக்காகச் சென்னையில் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். காலில் பழைய காயங்கள், மனதில் இருள். அவர் போன செய்தி வந்த அன்று ஆபீஸ் கேன்டீனில் நான் சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது: “பேங்க் உத்தியோகம், மாசாமாசம் சம்பளம். இந்த மனுஷனுக்கு என்னய்யா குறை?” சோற்றுக்கு இல்லாமல் செத்தால்தான் ஆட்டக்காரனுக்குக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன் போல.

அவருடன் ஆடிய ஐ.எம். விஜயன் அதே 2006-ல் விஷாலுக்கு வில்லனாகி, தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். சத்யனின் கதையைக் கேரளத்தில் 2018-ல் படமாக எடுத்தார்கள். சென்னையில் அந்த மனிதர் பதினோரு வருஷம் நடந்து திரிந்தார். டீக்கடையில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா?

அண்ணனிடம் இதைப் பேச நினைத்து, போனை எடுத்து, “முட்டி எப்படி இருக்குண்ணா?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசினார். முட்டியைப் பற்றி இல்லை.

21 ஜூலை, ஞாயிறு

ஒரு ஆள் குறைந்தது. அண்ணன் தானே பேக்கில் நின்றார். கார்னர் வந்தது. அவர் எம்பவில்லை; ஒரே ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தார். பந்து வந்து அவர் நெற்றியில் விழுந்து, பாதி கிரவுண்டைத் தாண்டிப் போனது. பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பேண்டேஜ் அவிழ்ந்து தொங்கியது.

“ஊக்கு எங்கடா? வெறுங்காலோட ஆடுறீங்க, குத்திடப்போவுது. யாரும் நகராதீங்க.”

ஆட்டத்தை நிறுத்திவிட்டு பதிமூன்று பேரும் புல்லில் மண்டி போட்டுத் தேடினோம். அவரால் மட்டும் மண்டி போட முடியாது. நின்றபடியே, அங்கே பார், இங்கே பார் என்று கத்திக்கொண்டிருந்தார்.