தண்ணீர் புகுந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றினால் மட்டும் போதுமா?

பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கிப் பொருத்தப் போகிறவர்கள், அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வண்டியிலிருந்து இறக்கிய பிறகு அது எங்கே, எப்படிக் கிடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்கள் இணையும் துளைகளையும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் குழாயையும் அடைக்காமல் வெட்டவெளியில் போட்டுவைத்த கியர்பாக்ஸுக்குள் மழைநீர் எளிதாக இறங்கிவிடும். அதன்பின் அது எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் பயனில்லை.

ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், அசையாமல் கிடந்த கியர்பாக்ஸில் அது அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனில்தான் தங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் சிவப்பாகவும் தெளிவாகவும் தெரியலாம். அதை நம்பிவிடக் கூடாது. வடிகால் திருகாணி இருந்தால் அதை மெல்லத் தளர்த்தி, முதலில் சொட்டுவது என்னவென்று பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், சூடான இரும்புத் தகட்டின் மேல் அந்த ஆயிலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்: தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். பிறகு பேனையே கழற்றி, உள்ளிருக்கும் காந்தத்தைப் பார்ப்பது நல்லது. அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது ஓடிய எந்தக் கியர்பாக்ஸிலும் காணக்கூடியதே. செம்பழுப்புத் துரு ஒட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை நான் வாங்கமாட்டேன்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், உராய்வால் பிடித்துக்கொண்டு சுழற்சியைக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுகள். இந்தக் கியர்பாக்ஸுகளில் பெரும்பாலானவற்றின் உராய்வுப் பட்டைகள் காகிதம் போன்ற நார்ப்பொருளால் ஆனவை. இரும்புத் தகட்டின் இருபுறமும் பசையால் ஒட்டப்பட்டவை. ஆயிலை உறிஞ்சிவைத்துக்கொள்வதற்காகவே அந்த நார் துளைகளோடு செய்யப்படுகிறது. ஆனால் தண்ணீர் கிடைத்தால், ஆயிலை வெளியே தள்ளிவிட்டு அந்தத் துளைகளுக்குள் தண்ணீர் அமர்ந்துகொள்கிறது. அங்கிருந்து பசை வரைக்கும் ஊடுருவி, அடியிலுள்ள இரும்பில் துருவையும் உண்டாக்குகிறது. பார்வைக்கு நன்றாகவே இருக்கும் பிளேட், வண்டியில் சுமை ஏறியதும் பட்டை பட்டையாக உரிந்து வருவது இதனால்தான். உலர்த்தினால் ஈரம் போகும். விட்டுப்போன பிடிப்பு திரும்பாது. ஓட்டினால் சூட்டில் ஆவியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. கியர்பாக்ஸ் ஆயில் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் வேலை செய்கிறது, காற்றுப்போக்கித் துளையோ மிகச் சிறியது. எல்லா நீரும் அதன் வழியே வெளியேறும் வரை பசை காத்திருக்காது.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அதிலுள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள் பிளேட்டுகளின் அந்தப் பசையை மேலும் கெடுக்கும். ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் அமைந்த வண்டிகளில், கூலரின் சுவரில் சிறு விரிசல் போதும்: என்ஜினை நிறுத்தியவுடன் ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், சூடான ரேடியேட்டரிலோ அழுத்தம் நீடிக்கும், அதனால் கூலண்ட் ஆயிலுக்குள் தள்ளப்படும். பால் கலந்த ரோஜா நிறத்தில் ஆயில் வந்தால், கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் ரேடியேட்டரைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆயிலை வடித்து மறுபடி நிரப்புவதை மட்டுமே வைத்தியமாகச் சொல்கிறவர்கள், என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். பேனைக் கழற்றும்போது அதிலிருக்கும் ஆயில் வெளியே வருவதில்லை. ஒவ்வொரு முறையும் மொத்த ஆயிலில் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை மாற்றிய பிறகும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழைய கலவை உள்ளேயே இருக்கும். தண்ணீர் பேனிலேயே தேங்கி, சுழலாமல், சில நாட்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்டு, வேறெங்கும் துருவும் இல்லையென்றால், இந்த முறையை முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. அந்தத் தண்ணீரோடு என்ஜின் ஒருமுறை சுழன்றிருந்தாலும், பம்ப் அதை எல்லா மூலைகளுக்கும் கொண்டுபோயிருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு.

அப்போது முழுவதும் பிரித்துத்தான் ஆக வேண்டும். கிளட்ச் பிளேட்டுகள், சீல்கள், ஃபில்டர் ஆகியவற்றைத் தயங்காமல் புதிதாகப் போட வேண்டும். இடையிலுள்ள இரும்புத் தகடுகளிலும் பேரிங்குகளிலும் துருக்குழி விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும், ஏனெனில் மேற்பரப்பைத் தேய்த்துத் துருவை எடுத்தாலும் குழி அப்படியே இருக்கும். ஆயில் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியில் ஒவ்வொரு வால்வும் தன் எடையிலேயே வழுக்கி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். மின்சாரத்தால் ஆயில் வழிகளைத் திறந்து மூடும் சோலினாய்டுகளின் மின்தடையை அளந்து பார்க்க வேண்டும். டார்க் கன்வர்ட்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன், அதற்குள்ளும், என்ஜினைக் கியர்பாக்ஸோடு நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் இருக்கிறது. கழுவிய இரும்புப் பாகங்களைக் காற்றடித்து உலர்த்திய கையோடு ஆயில் பூசிவிட வேண்டும்; புதிய கிளட்ச் பிளேட்டுகளைப் பொருத்துவதற்கு முன் அரை மணி நேரமாவது ஆயிலில் ஊறவைக்க வேண்டும்.

பழைய கூலரையும் அதன் குழாய்களையும் அப்படியே இணைத்தால், அவற்றில் தேங்கிய கலவை புதிய பிளேட்டுகளைத்தான் முதலில் சென்றடையும். கூலண்ட் கலந்த வண்டியில் ரேடியேட்டரை மாற்றிவிடுவதும், மற்றவற்றில் கூலரை நன்றாக அலசிக் காற்றழுத்தத்தில் சோதிப்பதும் ஆயில் ஊற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.