காப்பீட்டு அட்டை இருந்தும் நான்கு நாள் அலைச்சல்

அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள் ஆகிறது. அவர் நன்றாக நடமாடுகிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் வந்தபோதே அப்பா அட்டை வாங்கிவிட்டார். அன்றைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். இப்போது குடும்பத்துக்கு 5 லட்சம். தனியார் மருத்துவமனையிலும் செல்லும் என்ற தைரியத்தில், "உங்களிடம் காப்பீட்டுத் திட்டம் உண்டா?" என்று போனில் கேட்டேன். "உண்டு" என்றார்கள். ஆம்புலன்ஸ் பிடித்துப் போனோம். எலும்பு சிகிச்சைக்கு உண்டாம், இதயத்துக்கு இல்லையாம்! ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக அங்கீகாரம் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது மருத்துவமனையில் படுக்கை உடனே கிடைத்தது. ஆனால் காசாளர் 30,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்; காப்பீட்டு அனுமதி வந்ததும் திருப்பித் தருவார்களாம். கட்டணமில்லாச் சிகிச்சைக்கு எதற்கு முன்பணம்? அரசு தரும் தொகை தங்கள் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைவு என்ற கசப்பை நோயாளியின் குடும்பத்தின்மேல் காட்டுகிறார்கள் என்றே எனக்குப் பட்டது. "காப்பீட்டு நோயாளியிடம் வாங்கியது என்று ரசீதில் எழுதித் தாருங்கள்" என்றேன். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். அவர் முன்னாலேயே திட்டத்தின் கட்டணமில்லா உதவி எண்ணான 1800 425 3993-ஐ அழைத்தேன். இணைப்புக் கிடைப்பதற்குள் முன்பணப் பேச்சு காணாமல் போயிற்று.

அடுத்தது தலைப்பெழுத்து. குடும்ப அட்டையில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, ஆதாரில் தாத்தாவின் எழுத்து. இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஊருக்குப் பஸ் ஏறினேன். அவர் ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கைக்குப் போயிருந்தார். ஒரு நாள் வீண். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலிலேயே நின்று கையெழுத்து வாங்கினேன். மாலையில் அனுமதி வந்துவிட்டது. பெற்றோரின் அட்டைகளில் தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

சிகிச்சை பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் தங்கமானவர்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், அறுவை அரங்கில் பயன்படுத்திய மருந்துக்கு என்று 2,400 ரூபாய் கேட்டார்கள். அலுப்பில் கட்டிவிட்டேன். அதுவும் திட்டத் தொகைக்குள் அடக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. ரசீது பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறேன்.