ஆய்வுக் கட்டுரையைப் பின்னாலிருந்து படிப்பது

டர்பனுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் இயந்திரக் கற்றல் கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வந்தது. 2022, 2023இல் தென்னாப்பிரிக்கா முழுக்க மின்வெட்டு. மாலையில் வீட்டில் கரண்ட் இருக்காது, வீடியோ பாடங்களுக்கு வழியில்லை. கட்டுரைகளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் எமர்ஜென்சி விளக்கில் படிப்பேன்.

எங்கள் குழுவின் வேலை, வாடிக்கையாளர்கள் அனுப்பும் செய்திகளை வகை பிரிப்பது. ஆங்கிலமும் ஜூலுவும் கலந்தே வரும். ஜூலுவும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. யார், யாரை, எப்போது என்பதெல்லாம் ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடும். முழுச் சொற்களாகப் பட்டியல் போட்டால் அதற்கு முடிவே இல்லை. சென்ரிச், ஹேடோ, பர்ச் மூவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரைதான் எங்களுக்கு வழிவிட்டது. அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை இணைத்துக்கொண்டே போய், சொல்லைத் துண்டுகளாக வைத்துக்கொள்ளும் முறை அது. கோப்புகளைச் சுருக்குவதற்காக 1994இல் ஃபிலிப் கேஜ் எழுதிய உத்தியை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். துண்டு விழும் இடம் இலக்கணத்தோடு ஒத்துப்போகாது, பார்த்தால் எரிச்சலாக வரும். ஆனாலும் வேலை நடக்கிறது.

குழுவில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் உண்டு. "அண்ணே, ரெண்டாம் பக்கத்துச் சமன்பாட்டிலேயே நின்னுட்டேன்" என்பார். "அதை அப்புறம் பார்க்கலாம்ப்பா, முதல்ல அட்டவணையைப் பாரு" என்பேன். முன்னுரையில் எல்லோரும் தங்கள் சரக்கைப் புகழத்தான் செய்வார்கள். எதை எடுத்தால் என்ன கெடுகிறது என்று காட்டும் நீக்கல் சோதனையில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் வலையை அறிமுகப்படுத்திய 2017 கட்டுரையில் மூன்றாம் அட்டவணையைப் பாருங்கள். கவனத் தலை (எந்தச் சொல் எதோடு தொடர்புடையது என்று பார்க்கும் பகுதி) ஒன்றே ஒன்று என்றால், மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்கும் புளூ மதிப்பெண் 0.9 குறைகிறது. தலைகளை மிக அதிகமாக்கினாலும் குறைகிறது. கற்றல் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படியிலும் மாதிரியின் எண்களை எவ்வளவு மாற்றுவது என்பதை, முதல் 4,000 படிகளுக்கு மெல்ல ஏற்றுவது பற்றி ஓரிரு வரிகள்தான் இருக்கும். பயிற்சி அடிக்கடி சிதறிப்போன நாட்களில் எங்களைக் காப்பாற்றியது அந்த வரிகள்தான்.

படங்களை அடையாளம் காணும் ஆழமான வலையான ரெஸ்நெட் பற்றிய கட்டுரையில் முதல் படமே போதும். 20 அடுக்கு வலையைவிட 56 அடுக்கு வலைக்குப் பயிற்சித் தரவிலேயே பிழை அதிகம். அப்படியென்றால் மனப்பாடம் செய்ததால் வந்த கோளாறு இல்லை, கற்கவே சிரமப்படுகிறது என்று அர்த்தம்.

"ஏன்" என்று கட்டுரை ஆசிரியர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் பென்சிலில் குறித்துக்கொள்வேன். அடுக்குகளுக்குள் போகும் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் முறை பேட்ச் நார்மலைசேஷன். 2015இல் வந்த அதன் கட்டுரை, உள் அடுக்குகளின் பரவல் இடம் மாறுவதைத் தடுப்பதால் பயிற்சி வேகமாகிறது என்றது. 2018இல் எம்ஐடி குழு, அந்த முறைக்குப் பிறகு வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்த்துப் பரவலைக் குலைத்தது. அப்போதும் பயிற்சி நன்றாகவே நடந்தது. இழப்புப் பரப்பு, அதாவது பிழை மேடுபள்ளமாக ஏறி இறங்கும் பரப்பு, வழவழப்பாவதுதான் காரணம் என்றார்கள். முறையை யாரும் கைவிடவில்லை, விளக்கம்தான் மாறியது.

தம்பி இதைக் கேட்டு ஒரு படி மேலே போய்விட்டார். நீக்கல் சோதனை இல்லாத கட்டுரையைத் தொடவே மாட்டேன் என்கிறார். ஆப்பிரிக்க மொழிகளுக்காக வேலை செய்யும் மசாக்கானே ஆய்வுக் குழுவின் 2020 கட்டுரையை நீட்டினேன். ஆப்பிரிக்க மொழிகள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு மொழிபெயர்ப்பு அளவுகோல்கள், அவற்றில் மூன்றிலொரு பங்குக்கு மனித மதிப்பீடு. மாதிரியில் எதைக் கழற்றிப் பார்ப்பது என்பது அங்கே கேள்வியே இல்லை. தரவை யார் சேர்த்தார்கள், எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் படிக்க வேண்டியது. "தரவு நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா கட்டுரை?" என்கிறார். அதன் அட்டவணையில் ஜூலு வரிசையைப் படித்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.