கரிசல்ல மேட் விரிச்ச காலம்

கோவில்பட்டின்னா வெளியூர்க்காரங்களுக்கு கடலை மிட்டாய், கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்களுக்கு ஹாக்கி. இந்த ஊர்ல கிரிக்கெட் கிளப் வச்சு நடத்துனோம்னு சொன்னா இப்பவும் சிரிக்கிறாங்க. போன வாரம் மதுரைலருந்து பஸ்ல போய் இறங்கினேன், ரொம்ப வருஷம் கழிச்சு. எங்க கேப்டன் இப்ப பஜார் பக்கம் கடை வச்சிருக்காரு, கடைய தம்பிகிட்ட விட்டுட்டு பைக்ல ஏத்திக்கிட்டு பழைய கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போனாரு. கிரவுண்டா அது, பூரா பிளாட் கல்லு ஊனியிருக்கு.

நல்ல கிரவுண்டெல்லாம் ஹாக்கிக்காரங்களுக்குத்தான், குத்தம் சொல்ல முடியாது, அத ஆடி ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போனவங்க ஊர்ல எத்தனையோ பேரு. 80-கள் கடைசில எங்களுக்குக் கெடச்சது ஊருக்கு வெளிய இந்தக் கரிசல் பொட்டல்தான். ஐப்பசி மழைல கால வச்சா செருப்பு மேல வராது, சித்திரைல பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், பால் எந்த வெடிப்புல பட்டு எங்க போகும்னே தெரியாது. அதனால பிட்ச் மேல விரிக்க தேங்கா நார் மேட். மேட் இருந்தாத்தான் கிளப்பு, இல்லன்னா வெறும் பசங்க கூட்டம், வெளியூர் டீம்கிட்ட மேட்ச் கேட்டாலே மொத கேள்வி "மேட் இருக்கா?"தான். சந்தா பிரிச்சு, பத்தாததுக்கு தீப்பெட்டி ஆபீஸ் ஓனருங்க வாசல்ல நின்னு, பழைய மேட் ஒண்ணு வாங்கினோம்.

அத ஆணி வச்சு தரையோட அடிக்கறது தனி வித்தை. மண்ணு ஈரமா இருந்தா ஆணி நிக்காது, காஞ்சிருந்தா எறங்காது. மேட்ச் நடுவுல ஓரம் சுருட்டிக்கும், சுத்தியலோட ஓடி வர்றதுதான் பன்னெண்டாவது ஆளோட வேலையே.

1988 ஜனவரில சேப்பாக்கத்துல நம்ம இந்தியா டீம் லெக் ஸ்பின்னர் ஹிர்வானி மொத டெஸ்ட்லயே வெஸ்ட் இண்டீஸ ரெண்டு இன்னிங்ஸ்லயும் எட்டு எட்டா சுருட்டி 16 விக்கெட் எடுத்தாரு இல்ல, அதோட எங்க டீம்ல பாஸ்ட் பவுலரே இல்லாம போயிட்டாங்க. அத்தன பேரும் லெக் ஸ்பின்னு. மேட்ல பால் புடிச்சுத் திரும்பும், திடீர்னு நெஞ்சுக்கு எம்பும், அதனால போடத் தெரியாதவனுக்கும் விக்கெட் விழும்! கீப்பர் பாடுதான் பாவம். இருந்தது ரெண்டு ஜோடி பேடு, ஓப்பனிங் ஆளுங்க ஆளுக்கு ஒத்தக் கால்ல கட்டிட்டு எறங்குவாங்க, மிச்சத்தக் கீப்பர் கட்டிக்குவான்.

எட்டயபுரம், சாத்தூர், கழுகுமலைன்னு ஞாயித்துக்கிழமையானா கிளம்பிருவோம். மேட்ட பஸ் டாப்புல ஏத்தினா கண்டக்டர் லக்கேஜ் சார்ஜ் கேப்பாரு, எங்க கேப்டன் "அண்ணாச்சி, இது பாய்தானே, ஊர்ல கல்யாணம்"னு கூசாம சொல்லுவாரு. அம்பது கிலோவுக்கு மேல இருக்கும், நாலு பேரு தூக்கற பாயி.

"நம்ம மேட் என்னண்ணே ஆச்சு?"ன்னு கேட்டேன். "ஒருத்தன் மாட்டுத் தொழுவத்துல விரிச்சிட்டாம்லே, மாடு வழுக்காம நல்லா நின்னுச்சாம்"னாரு.

சாயங்காலம் ரெண்டு பேருமா நெல்லை தாழையூத்துப் பக்கம் சங்கர் நகர் கிரவுண்டுக்கு டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) மேட்ச் பாக்கப் போனோம். பச்சைப் புல்லு, பிளட் லைட்டு, எல்லாம் பிரமாதம். இவரு மட்டும் ஒவ்வொரு ஸ்பின் பாலுக்கும் "மேட்டுன்னா இது எந்திரிச்சிருக்கும்லே"ன்னு கத்திட்டே இருந்தாரு, பதினஞ்சாவது ஓவர்ல முன்னாடி சீட்டு பையன் எந்திரிச்சு வேற எடம் பாத்துப் போயிட்டான்.