கொலுசும் மல்டிமீட்டரும்: ஏழாம் அத்தியாயம் பிடிபட்ட விதம்

நெடுநாளாக முரண்டு பிடித்த என் நாவலின் ஏழாம் அத்தியாயம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. அதற்கு உதவியது மின்சுற்றைச் சோதிக்கும் ஒரு மல்டிமீட்டர் என்று சொன்னால், நாவல் எழுதுகிறவர்கள் சிரிக்கக்கூடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது 2092-ஆம் ஆண்டின் சேலத்தில். பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் சிசுக்களை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். அதற்கு நூறாண்டு கழித்து, பெண்கள் அருகிப்போனதையே காரணமாகக் காட்டி, பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு பெண்ணின் காலிலும் அரசு ஒரு வெள்ளிக் கொலுசைப் பூட்டுகிறது. கொலுசுக்குள் மெல்லிய மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திருகாணியைக் கழற்றினால் சுற்று அறுந்து, சேர்வராயன் மலையுச்சியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தில் மணி அடிக்கும். என் நாயகி செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அந்தக் கொலுசுகளைப் பற்றவைப்பவள். முதல் பக்கத்திலிருந்தே கொதித்துக்கொண்டிருப்பவள்.

சிக்கல் அந்தக் கொதிப்பில்தான் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் அவள் தன் கொலுசைக் கழற்றுகிறாள். சுற்று அறாமல் அதைக் கழற்ற வேண்டுமானால், முதலில் திருகாணியின் இரு பக்கத்தையும் இன்னொரு கம்பியால் இணைத்தாக வேண்டும். காலில் கிடக்கும் கொலுசில் நெருப்பு வைத்துப் பற்றவைக்க முடியாது, ஏனென்றால் உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஒரு முனையில் சுட்டால் கணுக்கால் முழுவதும் வெந்துவிடும். ஆகவே ஈரத்துணி, மெல்லிய சுடர், நடுங்காத கை என்று காட்சியை அமைத்திருந்தேன். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அக்காவிடம் அதைப் படித்துக் காட்டியபோது, "கோவமா இருக்கறப்ப நெருப்பத் தொடக் கூடாது கண்ணு, பொடி உருகறதோட நிக்காது, வெள்ளியும் சேந்து ஓடிரும்" என்றார். தொழில்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸில். பற்றவைக்கும் பொடி அதற்குக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலான சிறு இடைவெளியில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், உச்சக் காட்சிக்கு முன்னால் நாயகி மூச்சை இழுத்துவிட்டு அமைதியாக வேண்டும். கோபக்காரப் பெண் நிதானமடைந்த பிறகே வெல்லுவாள் என்ற அந்தப் பழைய பாடத்தை எழுதுவதற்கா இத்தனை பக்கங்களை நிரப்பினேன்? ஊரையே கொளுத்தும் கதாநாயகனிடம் யாரும் நிதானத்தைக் கேட்பதில்லை.

இந்த எரிச்சலில்தான் அம்மாவின் பழைய கொலுசை எடுத்து மல்டிமீட்டரில் மாட்டினேன். சுற்று முழுமையாக இருந்தால் 'பீப்' ஒலிக்கும் அமைப்பில் வைத்து, பழைய பேருந்து நிலையப் பக்கம் வாங்கிய கிளிப்புகளை இரு முனையிலும் கவ்வவிட்டேன். கொலுசை இழுத்துப் பிடித்தால் ஒலி தொடர்ச்சியாக வருகிறது, தளர்த்தினால் திக்குகிறது, காலில் கட்டிக்கொண்டு நடந்தால் விட்டுவிட்டு வருகிறது. வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவே தவிர ஒட்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு நடுவில் கறுப்பு வேறு படிந்திருக்கிறது. பல்பொடி போட்டுத் தேய்த்த பின் திக்கல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தரையை ஓங்கி மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒலி அறுந்தது.

அப்படியானால் ஒரு பெண் நடந்தாலே மலையுச்சியில் மணி அடிக்க வேண்டும். அடிக்காமலிருக்க, நொடிப்பொழுது அறுதல்களைக் கண்டுகொள்ளாதபடி அந்த நிலையம் அமைக்கப்பட்டிருந்தாக வேண்டும். இப்போது நாயகி ஆத்திரம் தாங்காமல் பட்டறைத் தரையை மிதிக்கிறாள். அடுத்த வீட்டுப் பெண் மிதிக்கிறாள். தெரு முழுவதும் மிதிக்கிறது. பொய் மணிகளால் திணறும் நிலையத்தார், சுற்று அறுந்தும் மணி அடிக்காமல் பொறுத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த நேரம் போதுமான அளவு நீண்டதும், அவள் திருகாணியைக் கழற்றி, கம்பியை முறுக்கி, காலை உருவிக்கொள்கிறாள். நெருப்பும் வேண்டியதில்லை, அமைதியும் வேண்டியதில்லை.

கொலுசும் கோபமும் சேர்ந்தால் கண்ணகியைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்பதே என் முடிவு. வாசகர் தாமே அவளை அழைத்து வந்துவிடுவார். 1905-இல் வங்க எழுத்தாளர் ரொக்கையா எழுதி, சென்னையிலிருந்து வெளிவந்த பத்திரிகையில் அச்சான 'சுல்தானாவின் கனவு' கதையில் பெண்கள் சூரிய வெப்பத்தால் பகைவரை விரட்டி, ஆண்களை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கனவுக்குள் சுல்தானா நுழையும்போது வெற்றி முடிந்துபோன செய்தி. என் நாயகிக்கு அந்த வசதி இல்லை.

ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி. ஆனால் மனம் எட்டாவதுக்கு ஓடிவிட்டது: அவள் இரவில் சேர்வராயன் மலையில் ஏறும் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறாள், பனிமூட்டம், மேலே பாக்சைட் வெட்டிய பள்ளங்கள். அதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும். ஓங்கி மிதித்துக்கொண்டே ஒரு கையால் திருகாணியைக் கழற்ற முடியுமா? எனக்கு வரவில்லை, கொலுசு வேலை தெரிந்தவர்கள் யாராவது செய்து பார்த்துச் சொன்னால் நல்லது.