காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள்

இங்கிலாந்து போகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிடாதீர்கள், ஒரு நாளாவது காட்ஸ்வோல்ட்ஸ் மலைச்சரிவுகளில் நடங்கள். சிப்பிங் கேம்ப்டனில் தொடங்கி பாத் நகரம் வரை 164 கிலோமீட்டர் போகிறது காட்ஸ்வோல்ட் வே என்ற நடைவழி. முழுசாக நடக்க நேரம் இல்லையா, சரி, முதல் துண்டு மட்டும் போதும்: டோவர்ஸ் ஹில் ஏறி, பிராட்வே கோபுரத்தைத் தாண்டி இறங்கினால் பிராட்வே கிராமம், அரை நாள் நடை.

வீடு, தேவாலயம், வயல் சுவர் எல்லாமே அந்த மண்ணின் சுண்ணாம்புக்கல்தான். வடக்கே தேன் நிறமாக இருக்கும் கல் பாத் பக்கம் போகப் போக வெளுத்துவிடும். இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய தேவாலயம் எப்படி என்று தோன்றும், இடைக்காலத்துக் கம்பளி வியாபாரப் பணம் அது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தப் பொதுவழிகள். யாரோ ஒருவரின் வயலுக்கு நடுவே, ஆடுகள் மேயும் புல்வெளிக்கு நடுவே பாதை போகும், நடக்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1949-இல் வந்த சட்டம்தான் இந்த வழிகளையெல்லாம் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வைத்தது. வழிகாட்டிப் பலகைகளில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஓக் கொட்டைச் சின்னம் தேசிய நடைவழி என்பதற்கு அடையாளம்.

ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போனால் பீச் மரக் காடுகளுக்குள் தரையெல்லாம் நீலப் பூ. அப்புறம், நீங்கள் திறந்த வேலிக்கதவை மறக்காமல் சாத்துங்கள், நாய் கூட வந்தால் ஆடுகள் பக்கம் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் சேறு நிச்சயம், நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.