கச்சான் காலத்துக் குறிப்புகள்

ஜூன் 3

அப்பா கஞ்சி நாலு கரண்டி. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் கட்டிலெல்லாம் புழுதி.

ஜூன் 4

தம்பி பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தான், அங்கே ஆஸ்திரேலியாவில் இரவு பத்தரை. முயலுக்கும் நரிக்கும் ஒரு துவக்கு செய்விக்கப் போகிறானாம். பழைய 222 ரெமிங்டன் தோட்டாத் துவக்கு ஒன்றின் பொல்ட், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற பாகம், கையில் இருக்கிறது, குழல் மட்டும் புதிது. குழலின் அடியில் எந்தத் தோட்டாவுக்கு அறை வெட்டுவிப்பது என்று ஒரே யோசனை. கடையில் பெட்டியாக வாங்கும் தோட்டா வேண்டாமாம். வைல்ட்கேட்தான் வேண்டுமாம், தோட்டாவின் பித்தளைக் கோதைத் தானே ஒடுக்கி, தானே மருந்து நிரப்பி. "அண்ணா, நீங்கள் லேத்தில் நிக்கிற ஆள், சொல்லுங்கோ."

அப்பாவைப் பற்றிக் கடைசியில் கேட்டான்.

ஜூன் 5

பட்டறையில் ஒரு வள்ளத்தின் தண்டு வந்து கிடக்கிறது, புஷ் தேய்ந்து ஆட்டம். அதை விட்டுவிட்டு டிரில் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். தோட்டாப் பெயரில் 17 என்றால் குண்டின் விட்டம் 4.37 மில்லிமீட்டர். 20 என்றால் 5.18. 22 என்றால் 5.69. ஆகவே 4.4, 5.2, 5.7 டிரில்களை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 5.2-க்கும் 5.7-க்கும் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசமில்லை. 4.4 மட்டும் தனியாகத் தெரிகிறது, வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி. குண்டின் பாரத்தைக் கிரெயினில் சொல்வார்கள்; 17-இல் 20 கிரெயின் குண்டு 1.3 கிராம்தான். ஒரு பவுன் பாரத்துக்கு ஆறு குண்டு.

பையன் வந்து தண்டு எப்போ முடியும் என்று கேட்டான். நாளைக்கு என்றேன்.

ஜூன் 7

பிரஷர் கூட. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

ஜூன் 9

நித்திரை இல்லை. காற்று.

17 ரெமிங்டன் தோட்டா 1971-இல் வந்தது. 25 கிரெயின் குண்டு, நொடிக்கு 4000 அடிக்கு மேல். தம்பி இந்த வேகத்தில்தான் மயங்கிக் கிடக்கிறான். ஆனால் காற்று குண்டைத் தள்ளுவது, வழியில் அது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. வாயிலிருந்து புறப்படும் வேகத்தை மட்டும் பார்த்து என்ன பயன்? இலேசான குண்டு சீக்கிரம் களைக்கும். அவன் போகும் இடம் வெட்டவெளி, மறைக்க ஒரு மரமில்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். இங்கே திருகோணமலை டச்சுக்குடாவில் கச்சான் அடிக்கும்போது கையில் பிடித்த கடலைச் சரை பறக்கிறது. அந்தமாதிரிக் காற்றில் 1.3 கிராமை 200 மீட்டருக்கு விடுவாயா என்று எழுதினேன். நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

அப்பா மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டார். புரையேறியது.

ஜூன் 10

மனைவி: முயல் என்ன பாவம் செய்தது?

1859-இல் விக்டோரியாவில் ஒருவர் வேட்டை விளையாட்டுக்காக விட்ட முயல்கள் நாடு முழுக்கப் பெருகிவிட்டன என்றேன். கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். புள்ளிமான் ஒன்று கேற்றுக்குள் தலையை விட்டுச் செவ்வரத்தையை மேய்ந்துகொண்டிருந்தது. கோட்டை மான்களுக்கு இப்போது ஊர் முழுக்கச் சொந்தம். துரத்தினால் முறைக்கிறது.

ஜூன் 13

இப்போது 14 என்கிறான்! 3.6 மில்லிமீட்டர் குழல். குண்டு செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், துடைக்கும் கம்பி பிடித்தால் வளையும், மருந்து கொஞ்சம் கூடினாலே அமுக்கம் எகிறும். 17-க்கே இந்தத் தொல்லைகள் உண்டு. ஏனடா என்றால் "ஒருத்தரிட்டயும் இல்லாதது" என்கிறான். சின்னதில் சைக்கிளுக்கும் இதே கதைதான்.

ஜூன் 14

அவன் அனுப்பிய தோட்டாப் படங்களை எல்லாம் போனிலிருந்து அழித்தேன். பழைய பழக்கம்.

ஜூன் 17

நன்றாக யோசித்துவிட்டேன், சொல்லியும் விட்டேன்: 20 பிராக்டிகல். 223 ரெமிங்டன் கோது எங்கும் கிடைக்கும். அதன் கழுத்தை மட்டும் 20-க்கு ஒடுக்கினால் சரி. தோளில், அதாவது கோதின் உடல் கழுத்தாக ஒடுங்கும் இடத்தில், கை வைக்க வேண்டாம், சுட்டு விரித்து உருவாக்கும் வேலையும் இல்லை. கோதை ஒடுக்கும் அச்சு, 223-இன் டையிலேயே கழுத்து வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். 222-உம் 223-உம் ஒரே அடி அளவு, ஆகவே அவனுடைய பொல்ட் முகத்தைத் தொடத் தேவையில்லை. 2004-இல் வந்த 204 ரூகர் தோட்டா பேர்போனதால் 20-க்குக் குண்டும் இப்போது தாராளம். 40 கிரெயின் வரை போடலாம், காற்றுக்கு அது நிற்கும். ஆனால் நீளமான குண்டு என்றால் குண்டைச் சுழற்றும் குழலின் உள்வரிகளின் முறுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அதை முதலே சொல்லிவிட வேண்டும். குழலை மாற்றாமல் பிறகு முறுக்கை மாற்ற முடியாது.

"யோசிக்கிறன் அண்ணா."

கஞ்சி ஒரு கரண்டி.

ஜூன் 18

தங்கச்சியிடம் டிக்கெட் விலை விசாரித்தானாம். என்னிடம் 40 பாகைத் தோளைப் பற்றிக் கேட்டான்.

ஜூன் 20

அந்த 40 பாகை அக்லி என்ற அமெரிக்கத் துவக்குக்காரரின் வழி. கோதின் உடலை நிமிர்த்தி, தோளைச் செங்குத்தாக்கினால் உள்ளே மருந்து கூடப் பிடிக்கும், கோதும் குறைவாக நீளும். வடிவான வேலை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு கோதையும் முதலில் ஒருதடவை சுட்டு விரிக்க வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிறவனுக்கு எங்கே நேரம்?

தண்டு கொடுத்தாயிற்று. காசு பாதிதான் வந்தது.

ஜூன் 22

நேற்று இரவு முழுக்க இருமல். டாக்டர் படம் எடுக்கச் சொல்கிறார், ஆஸ்பத்திரியில் விடச் சொல்கிறார். அம்மாவுக்கு விருப்பமில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 23

அறை வெட்டும் கருவி, ரீமருக்கு முற்பணம் கட்டிவிட்டானாம். 17 மாக் 4. 221 ஃபயர்பால் தோட்டாக் கோதின் கழுத்தை ஒடுக்கியது. 2007-இல் ரெமிங்டனே கிட்டத்தட்ட அதையே 17 ஃபயர்பால் என்று விற்கத் தொடங்கியதால் கோதுக்குப் பஞ்சமில்லை என்கிறான், மருந்தும் கொஞ்சம்தான் போகுமாம். சரி. மோசமான தெரிவு என்று சொல்லமாட்டேன். காற்றில்லாத நாளில் நல்லது.

ரீமர் வர மாதக்கணக்கு ஆகும், அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போகலாமே என்று எழுதினேன். எழுதி அழித்தேன். பிறகு திரும்ப எழுதி அனுப்பினேன். ஒடுக்கிய பிறகு கழுத்துச் சுவர் எத்தனை தடிப்பு வரும், அதைக் கடைய வேண்டுமா என்றும் கீழே சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவதற்குப் பதில் வந்துவிட்டது.